கேட் ஆர்சிக்குப் பழைய வினாத்தாள்கள் போதுமா? ஒரு மதிப்பீடு

ஐஐஎம்களில் எம்பிஏ சேர்வதற்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வின் வெர்பல் (ஆங்கில மொழித்திறன்) பகுதிக்குத் தயாராகிறவர்கள் முன்னால் இன்று மூன்று வகைச் சரக்கு இருக்கிறது. பயிற்சி நிறுவனங்கள் விற்கும் மாக் டெஸ்ட் தொடர்கள் ஒன்று. ஆர்சிக்கென்றே, அதாவது ஒரு பாசேஜைப் படித்துக் கேள்விகளுக்கு விடை தரும் ரீடிங் காம்ப்ரிஹென்ஷனுக்கென்றே, தனியாக விற்கும் கோர்ஸ்களும் தினம் ஒரு பாசேஜ் அனுப்பும் ஆப்களும் இன்னொன்று. மூன்றாவது காசு கேட்பதே இல்லை: ஐஐஎம்கள் நடத்திய தேர்வுகளின் பழைய வினாத்தாள்களும், கேட் இணையதளத்தில் வரும் மாதிரித் தேர்வும். இந்த மதிப்பீடு அந்த மூன்றாவதைப் பற்றியது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆர்சியைப் பொறுத்தவரை இதைவிட நல்ல பொருள் சந்தையில் இல்லை. ஆனால் இது அளவோடு இருக்கும் சரக்கு. பெரும்பாலானவர்கள் ஜூன், ஜூலையிலேயே அவசரமாகப் போட்டுத் தீர்த்துவிட்டு, நவம்பரில் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிறார்கள்.

எவ்வளவு இருக்கிறது என்று முதலில் கணக்குப் போடுவோம். 2017 முதல் 2019 வரை ஆண்டுக்கு இரண்டு ஸ்லாட், அதாவது வேறு வேறு தாளோடு இரண்டு அமர்வு. ஒவ்வொன்றிலும் வெர்பலுக்கு 60 நிமிடம், 34 கேள்விகள். அவற்றில் ஆர்சி 24, ஐந்து பாசேஜ்கள். 2020-இல் கொரோனாவால் தேர்வு சுருங்கியது. மூன்று ஸ்லாட், பகுதிக்கு 40 நிமிடம் என்று ஆகி, அப்படியே நிலைத்துவிட்டது. 2020-இல் வெர்பலுக்கு 26 கேள்விகள், அவற்றில் ஆர்சி 18. 2021 முதல் 2024 வரை 24 கேள்விகள்; நான்கு பாசேஜ், பாசேஜுக்கு நான்கு கேள்வி, ஆக ஆர்சி 16. எல்லாவற்றையும் கூட்டினால் 2017-லிருந்து 2024 வரை சுமார் 90 பாசேஜ்கள், 390 கேள்விகள். வாரத்துக்கு நான்கு பாசேஜ் என்று போனாலும் ஐந்து மாதத்துக்கு மேல் வரும். ஒழுங்காகச் செலவழித்தால் ஒரு தயாரிப்புக் காலத்துக்குப் போதும். கண்டபடி செலவழித்தால் ஆறு வாரத்தில் காலி.

இந்த 24 கேள்வித் தாளில் மொத்தம் 72 மதிப்பெண், அதில் 48 ஆர்சியுடையது. வார்த்தைப் பட்டியல் மனப்பாடம் செய்வதிலும் குலைந்த வாக்கியங்களைப் பத்தியாக வரிசைப்படுத்தும் கேள்விகளிலும் மாதக்கணக்காக உழைத்துவிட்டு ஆர்சியை 'படித்தால் வந்துவிடும்' என்று விடுகிறவர்கள் இந்த ஒரு கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சரக்கின் தரம்

பாசேஜ்களின் பரப்பு அசல் தாள்களின் முதல் பலம். 2017-இல் வரைபடத்தில் வடக்கு ஏன் மேலே இருக்கிறது என்று ஒரு பாசேஜ். 2018-இல் கூட்டம் சிதைந்த யானைகளின் மனக்காயம். 2019-இல் எம்பரர் பெங்குவின் குளிரைத் தாங்கும் விதம், அலாவுதீன் கதை யாருடையது என்ற கேள்வி, மேல் எகிப்தில் உள்ளாடை விற்கும் சீன வியாபாரிகள். இவற்றில் எதற்கும் முன்னறிவு தேவையில்லை. எல்லாம் இதழ்களிலும் புத்தகங்களிலும் வந்த நீள் கட்டுரைகளிலிருந்து 450, 600 சொற்களுக்கு வெட்டித் தொகுத்தவை. வெட்டும்போது கட்டுரையாளர் போட்ட முன்னுரை போய்விடும். அதனால்தான் பல பாசேஜ்கள் திடீரென்று நடுவிலிருந்து தொடங்குவதுபோல் இருக்கும். இந்தத் திடீர்த் தொடக்கத்துக்குப் பழகுவதே பாதி வேலை. பயிற்சி நிறுவனத்தின் பாசேஜ்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடக் கட்டுரைபோல முன்னுரை, நடு, முடிவு என்று ஒழுங்காக இருப்பதால் அந்தப் பழக்கம் அங்கே கிடைப்பதில்லை.

ஆனால் பாசேஜை விட முக்கியமானது ஆப்ஷன். இணையத்தில் நல்ல கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. யார் வேண்டுமானாலும் ஒன்றை எடுத்துக் கேள்வி போட்டுவிடலாம். தவறான மூன்று ஆப்ஷன்களை, படித்தவரும் தடுமாறும்படி, அதே சமயம் வாக்கியத்தைக் காட்டித் தவறென்று நிறுவும்படி எழுதுவதுதான் கடினம். கேட் தாளில் ஒரு ஆப்ஷன் தவறென்றால் அதைத் தவறாக்கும் சொல்லைச் சுட்டிக்காட்ட முடியும். விலைக்கு வரும் தேர்வுகளில் பல இடங்களில் 'இதைவிட அது கொஞ்சம் நல்லது' என்ற அளவில்தான் விளக்கம் நிற்கும். அப்படிப்பட்ட கேள்விகளில் அதிக நாள் புழங்கினால், விடையைத் தேடுவதை விட்டுவிட்டு, தேர்வாளர் மனதை ஊகிக்கும் பழக்கம் வந்துவிடும். அது கெட்ட பழக்கம். போக மாதங்கள் ஆகும்.

கிட்டே போய்ப் பார்க்க ஒரு சிறு மாதிரி. இது கேட் தாளில் வந்ததல்ல. அந்த அச்சில் இங்கே எழுதிக்காட்டுவது.

"தமிழகத்தின் ஏரிகள் சீரழிந்ததற்குக் காலனி ஆட்சி ஊர்ப் பராமரிப்பைக் குலைத்ததே காரணம் என்பது பரவலான கருத்து. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த ஆட்சிக்கு முன்பும் போரிலும் பஞ்சத்திலும் ஏரிகள் கைவிடப்பட்டதுண்டு. ஊர் கூடிச் செய்ததாகச் சொல்லப்படும் வேலையில் பெரும்பகுதியைச் செய்தவர்கள், முடியாது என்று சொல்ல வழியில்லாதவர்கள். ஊர் ஒற்றுமை என்ற அழகான படத்தை வைத்துக்கொண்டு இன்றைய மீட்புத் திட்டங்களை வகுப்பவர்கள், அந்தப் படம் யாருடைய உழைப்பில் நின்றது என்று கேட்பதில்லை."

கேள்வி: ஆசிரியர் கீழ்க்கண்டவற்றில் எதை ஏற்பார்? முதல் ஆப்ஷன்: ஏரிகளின் சீரழிவுக்கும் காலனி ஆட்சிக்கும் தொடர்பில்லை. இரண்டாவது: ஏரிகளை மீட்க ஊர்மக்களைவிட அரசுத் துறையே ஏற்றது. மூன்றாவது: பழைய பராமரிப்பைப் பற்றிப் பரவலாக இருக்கும் சித்திரம் அதிலிருந்த கட்டாயத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. நான்காவது: ஊர் கூடி உழைத்த காலத்தில் போரும் பஞ்சமும் ஏரிகளைப் பாதிக்கவில்லை.

வேகமாகப் படித்தவர் முதலாவதில் விழுவார். ஆசிரியர் அந்தக் கருத்தை மறுக்கிறார் என்ற பொதுவான நினைவு மட்டும் அவரிடம் தங்கியிருக்கும். 'அதில் உண்மை இருக்கிறது' என்ற மூன்று சொல் நழுவியிருக்கும். சமூகச் செய்திகளை நிறையப் படிக்கிறவர் இரண்டாவதில் விழுவார். ஊர் ஒற்றுமையைச் சந்தேகிக்கிறவர் அரசை ஆதரிப்பார் என்று தலை தானாக முடிச்சுப் போடும். பாசேஜில் அரசுத் துறை என்ற பேச்சே இல்லை. சொல் பொருத்தம் பார்ப்பவர் நான்காவதுக்குப் போவார். போர், பஞ்சம், ஊர் கூடி என்று எல்லாச் சொற்களும் அதில் இருக்கின்றன, பொருள் மட்டும் தலைகீழ். சரியான மூன்றாவதில் பாசேஜின் சொற்கள் அநேகமாக இல்லை. 'முடியாது என்று சொல்ல வழியில்லாதவர்கள்' என்பது 'கட்டாயம்' ஆகியிருக்கிறது. பார்க்கச் சப்பென்று இருக்கும். கேட் ஆர்சியில் சரியான விடை பல நேரம் இப்படித்தான்: மென்மையாக, அடக்கமாக, பாசேஜின் சொல்லைத் தொடாமல்.

இந்த நான்கு வகையும் (எல்லை மீறியது, பாசேஜில் இல்லாதது, சொல் ஒத்துப் பொருள் புரண்டது, சரியானது) 90 பாசேஜ்களிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரே கை எழுதியதுபோன்ற இந்தச் சீர்மையைத்தான் இலவசமாகத் தருகிறார்கள்.

எப்படிப் பயன்படுத்த வேண்டும்

தாளைப் போட்டு, ஆன்சர் கீயைப் பார்த்து, '16-க்கு 9' என்று எழுதிவிட்டு அடுத்த தாளுக்குப் போவது வீண். அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. செய்ய வேண்டியது இது. ஒரு பாசேஜை நேரம் வைத்துப் போடுங்கள். நேரம் முடிந்ததும் கீயைத் திறக்காதீர்கள். அதே பாசேஜை, அவசரமில்லாமல், இருபது நிமிடம் ஆனாலும் சரி என்று மறுபடி படித்து, நான்கு கேள்விக்கும் புதிதாக விடை எழுதுங்கள். ஒவ்வொரு ஆப்ஷனையும் தள்ளக் காரணமான சொல்லை அதன் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு கீ. இப்போது ஒரு கேள்விக்கு மூன்று விடைகள் கையில் இருக்கும்: அவசர விடை, நிதான விடை, அதிகார விடை.

மூன்றும் ஒன்றானால் கவலை இல்லை. அவசரத்தில் தவறி, நிதானத்தில் சரியென்றால் புரிதல் இருக்கிறது. நேரத்தைப் பங்கிட்ட விதத்தில்தான் கோளாறு. இரண்டும் தவறென்றால் வேகப் பயிற்சி உதவாது. பாசேஜின் எந்த வாக்கியம் புரியவில்லை என்று தேடி, அந்த வாக்கியத்தை உடைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது ஒரு நீளமான வாக்கியமாக, நடுவில் 'ஆனாலும்' வகைத் திருப்பத்தோடு இருக்கும். அவசரத்தில் சரியாகி நிதானத்தில் தவறினால் முதலில் கிடைத்தது அதிர்ஷ்டம். அதை மதிப்பெண்ணில் சேர்க்காதீர்கள். பத்து பாசேஜ் இப்படிப் போட்டால் எந்தப் பக்கம் ஓட்டை என்று தெளிவாகத் தெரிந்துவிடும். அவசர விடை, நிதான விடை இரண்டும் தவறாகிறவர்கள் ஸ்பீட் ரீடிங் கோர்ஸில் பணம் கட்டுவதைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அவர்களுடைய நோய்க்கான மருந்து அது இல்லை.

ஒரு பாசேஜுக்கு இப்படி நாற்பது நிமிடம் வரை போகும். போகட்டும். நாளுக்கு ஒன்று போதும்.

தாள்களின் வரிசையும் முக்கியம். 2017, 2018, 2019 தாள்களை முதலில் எடுங்கள். அந்த ஆண்டுகளில் பாசேஜ் ஒன்றுக்கு மூன்று கேள்வியும் உண்டு, ஆறு கேள்வியும் உண்டு. அதனால் முழுத் தாளாகப் போடாமல் பாசேஜ் பாசேஜாகப் பிரித்துப் போடலாம். இந்த 30 பாசேஜும் கற்றுக்கொள்வதற்கு. அடுத்து 2020, 2021, 2022. இவற்றை ஆகஸ்ட், செப்டம்பரில் நாற்பது நிமிட முழுப் பகுதியாக, பத்தி வரிசை, சுருக்கக் கேள்விகளையும் சேர்த்துப் போடுங்கள். 2023, 2024 தாள்களை அதுவரை தொடவே கூடாது. ஆறு தாள், 24 பாசேஜ். அக்டோபர் நடுவிலிருந்து வாரத்துக்கு ஒன்று. நண்பர்கள் குழுவில் யாராவது 'இந்தக் கேள்விக்கு என்ன விடை' என்று அந்தத் தாள்களிலிருந்து படம் அனுப்பினால் திறக்காமல் கடந்துவிடுங்கள். ஒருமுறை படித்த பாசேஜ் மறுபடி அளவுகோல் ஆகாது.

2015-க்கு முந்தைய தாள்கள் என்று சுற்றிக்கொண்டிருக்கும் தொகுப்புகளில் நேரத்தைச் செலவிட வேண்டாம். தேர்வின் அமைப்பே வேறு.

நாற்பது நிமிடத்தின் பங்கீடு

550 சொல் பாசேஜைப் புரிந்து படிக்க மூன்று முதல் மூன்றரை நிமிடம் ஆகும். நான்கு கேள்விக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் வைத்தால் பாசேஜுக்கு எட்டு நிமிடம். நான்கு பாசேஜுக்கு 32. மீதி எட்டு நிமிடத்தில் எட்டு வெர்பல் கேள்விகள். தாளில் எழுதிப் பார்த்தால் பொருந்துகிறது. நடைமுறையில் ஒரு பாசேஜ் எப்போதும் பத்து நிமிடத்தை விழுங்கும். அதனால் தொடங்கும்போதே நான்கு பாசேஜின் முதல் இரண்டு வாக்கியங்களையும் பார்த்துவிட்டு, கனமான ஒன்றைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இதற்கு ஒரு நிமிடம்தான் செலவாகும். தத்துவமும் இலக்கியக் கோட்பாடும் பலருக்குக் கடைசிக்குப் போகும்; பொருளாதாரம் சிலருக்குப் போகும். அது ஆளைப் பொறுத்தது. ஆனால் தலைப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வாக்கியத்தின் நீளத்தைப் பாருங்கள். பெங்குவினைப் பற்றிய பாசேஜிலும் மூன்று வரி நீள வாக்கியம் வரலாம்.

மூன்று பாசேஜை ஒன்பது நிமிடம் வீதம் நிதானமாக முடித்து, நான்காவதில் எளிய ஒன்றிரண்டு கேள்வியை மட்டும் எடுப்பதும் நல்ல திட்டம்தான். கணக்கைப் பாருங்கள். சரியான விடைக்கு 3, தவறுக்கு ஒன்று குறையும். 12 கேள்வி போட்டு 9 சரியென்றால் 24 மதிப்பெண். 16-ஐயும் அவசரமாகப் போட்டு அதே 9 சரியென்றால் 20.

ஊகிப்பதற்கும் கணக்கு இருக்கிறது. நான்கு ஆப்ஷனில் ஒன்றும் தெரியாமல் குத்துமதிப்பாகப் போட்டால், நீண்ட ஓட்டத்தில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒன்றைத் தள்ளிவிட்டால் கேள்விக்கு மூன்றில் ஒரு மதிப்பெண் லாபம். இரண்டைத் தள்ளிவிட்டு மீதி இரண்டில் தடுமாறினால் ஒரு முழு மதிப்பெண் லாபம். ஆகவே இரண்டில் நிற்கும்போது விட்டுவிடாதீர்கள், போடுங்கள். நெகட்டிவ் மார்க் பயத்தில் இந்த இடத்தில் விடுகிறவர்கள் கையில் வந்ததைத் தட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்த இரண்டுக்கு நடுவில் இரண்டு நிமிடம் ஊசலாடாதீர்கள். முப்பது நொடி, அதற்குள் பாசேஜில் அந்த வரிக்கு ஒருமுறை திரும்பிப் போய் வாருங்கள், தேர்ந்தெடுங்கள், நகருங்கள்.

சமீபத் தாள்களில் 'இவற்றில் எதைத் தவிர மற்றவை' என்று கேட்பது அதிகம். இங்கே மூன்று ஆப்ஷன் பாசேஜோடு ஒத்துப்போகும், ஒத்துப்போகாத ஒன்றே விடை. முதல் ஆப்ஷனைப் படித்து 'ஆமாம், பாசேஜில் இருக்கிறதே' என்று டிக் செய்துவிட்டுப் போகும் தவறு, நன்றாகப் படிக்கிறவர்களிடமும் நடக்கிறது. எழுதத் தரும் தாளில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாக எழுதி, ஒத்துப்போவதை அடித்துக்கொண்டே வாருங்கள். அடிபடாமல் நிற்பது விடை. பத்து நொடி வேலை.

திரையில் போடுங்கள், அச்செடுக்காதீர்கள்

பழைய தாள்களைப் பலரும் பிடிஎஃப் ஆக இறக்கி, அச்செடுத்து, பென்சிலால் அடிக்கோடு போட்டுப் படிக்கிறார்கள். தேர்வு அறையில் அடிக்கோடு கிடையாது. இடப்பக்கம் பாசேஜ், வலப்பக்கம் கேள்வி, இரண்டுக்கும் தனித்தனி ஸ்க்ரோல். பாசேஜ் ஒரே திரையில் முழுதாகத் தெரியாது. அடிக்கோட்டை நம்பிப் பழகியவருக்கு 'அந்த வரி எங்கே இருந்தது' என்று தேடுவதிலேயே நேரம் போகும். கேட் இணையதளத்தின் மாதிரித் தேர்வுக்கு உண்மையான பயன் இங்கேதான். அதில் வரும் கேள்விகள் பழைய தாள்களிலிருந்து எடுத்தவையாகவே இருக்கும். மதிப்பெண்ணை நம்பி மகிழவோ அழவோ வேண்டாம். அந்தத் திரைக்காக மட்டும் இரண்டு மூன்று முறை உட்காருங்கள்.

உட்கார்ந்தால் ஒன்றைக் கட்டாயம் சோதித்துப் பாருங்கள். ஒரு ஆப்ஷனைத் தேர்ந்துவிட்டு 'சேவ் அண்ட் நெக்ஸ்ட்' பட்டனை அழுத்தாமல், வலப்பக்கக் கட்டத்தில் இருக்கும் கேள்வி எண்ணை நேரடியாக அழுத்தி வேறு கேள்விக்குப் போங்கள். திரும்பி வந்து பார்த்தால் உங்கள் விடை பதிவாகியிருக்காது. அறிவுரைப் பக்கத்தில் இது தெளிவாகவே எழுதியிருக்கிறது, ஆனால் அந்தப் பக்கத்தை யார் படிக்கிறார்கள்? பாசேஜுக்குள் கேள்விகளுக்கு இடையே தாவித் தாவிப் போகும் பழக்கம் உள்ளவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இன்னொன்று: விடையளித்துவிட்டு 'மார்க் ஃபார் ரிவ்யூ' போட்ட கேள்வி மதிப்பீட்டில் சேரும். ஆகவே இரண்டில் தடுமாறும் கேள்விக்கு ஒன்றைத் தேர்ந்துவிட்டே மார்க் செய்யுங்கள். திரும்பி வர நேரம் கிடைக்காவிட்டாலும் நட்டமில்லை.

குறைகள்

இந்தச் சரக்கிலும் குறை உண்டு. பெரிய குறை, அதிகாரபூர்வ விளக்கம் இல்லாதது. ஐஐஎம் தருவது விடைக்குறிப்பு மட்டும். ஏன் அந்த விடை என்று சொல்வது பயிற்சி நிறுவனங்களும் யூடியூப் ஆசிரியர்களும். விளக்கங்களில் சில, கீ தெரிந்த பிறகு அதற்குத் தோதாக நெய்தவை. சோதிக்க எளிய வழி இருக்கிறது: விளக்கம் சரியான ஆப்ஷனைப் புகழ்ந்துவிட்டு நின்றால் அதை ஒதுக்குங்கள், தவறான மூன்றும் எந்தச் சொல்லால் தவறு என்று காட்டினால் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிதான விடையின் குறிப்புகளை அதோடு ஒப்பிட்டால், எந்த விளக்கமும் தராத பாடம் அங்கே கிடைக்கும்.

இரண்டாவது, இணையத்தில் சுற்றும் பிரதிகளின் தரம். மறுபடி டைப் செய்த பிடிஎஃப்களில் பத்தி பிரிப்பு கலைந்திருக்கும், பெரிய எழுத்தில் இருக்க வேண்டிய 'தவிர', 'இல்லை' சொற்கள் சாதாரண எழுத்தாகியிருக்கும், சில இடங்களில் ஒரு வரியே விடுபட்டிருக்கும். பத்திப் பிரிப்பு போனால் வாதத்தின் போக்கும் மறைந்துவிடும். தேர்வுத் திரையைப் போன்ற அமைப்பில் பழைய தாள்களை இலவசமாகத் தரும் தளங்கள் பல இருக்கின்றன, அங்கே போடுங்கள்.

மூன்றாவது, களைப்பு. பழைய வெர்பல் பகுதியைத் தனியாக நாற்பது நிமிடம் போட்டு எழுந்துவிடலாம். உண்மையான தேர்வு இரண்டு மணி நேரம். வெர்பல் முதலில் வருவதால் களைப்பு குறைவு என்பது உண்மைதான். ஆனால் பதற்றம் முழுவதும் அந்த முதல் பத்து நிமிடத்தில்தான். அதைப் பழக்க, மற்ற இரண்டு பகுதிகளோடும் சேர்த்து, தேர்வு நடக்கும் அதே நேரத்தில், முழு மாக் டெஸ்ட் எழுதித்தான் ஆக வேண்டும்.

மாக் தொடர் ஒன்று வாங்க இது நல்ல காரணம். 10, 15 முழுத் தேர்வு போதும். ஐம்பது தேர்வு கொண்ட தொகுப்பு பெரும்பாலும் திறக்காமலே காலாவதியாகும். வாங்கிய தொடரில் ஆர்சி மதிப்பெண் ஏறி இறங்குவதை வைத்து உங்கள் படிப்பு முறையை மாற்றாதீர்கள். அங்கே கிடைக்கும் பெர்சென்டைல் அந்த நிறுவனத்தில் பணம் கட்டியவர்களுக்கு நடுவில் உங்கள் இடம், அவ்வளவே. மாக்கில் ஆர்சி தவறினால், அந்தப் பாசேஜோடு சண்டை போடுவதை விட்டு அடுத்த நாள் ஒரு பழைய தாள் பாசேஜை மேலே சொன்ன முறையில் போடுவது பலன் தரும்.

கூடவே படிக்க வேண்டியது

90 பாசேஜ் அளவுகோலும் பயிற்சியும் தரும். வாசிப்புப் பழக்கத்தை அது மட்டும் தராது. ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைத் தினம் படிக்கச் சொல்வது வழக்கமான அறிவுரை. தலையங்கத்தின் வாதம் பெரும்பாலும் தெரிந்ததாகவே இருக்கும்; பாதியில் முடிவு தெரிந்துவிடும். ஆர்சிக்குத் தேவை, முடிவு எங்கே போகும் என்று தெரியாத கட்டுரை. ஏயான் (Aeon) போன்ற இணைய இதழ்களின் நீள் கட்டுரைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வாரத்துக்கு மூன்று போதும். அவற்றில் ஒன்றாவது உங்களுக்குப் பிடிக்காத துறையிலிருந்து வரட்டும். ஒவ்வொரு பத்தியையும் முடித்ததும் நின்று, அது என்ன சொன்னது என்பதை விட, என்ன செய்தது என்று கேளுங்கள்: மறுக்கிறதா, எடுத்துக்காட்டு தருகிறதா, தான் சொன்னதை வரம்பு கட்டுகிறதா. கேட் கேள்விகளில் 'ஆசிரியர் இந்த எடுத்துக்காட்டை ஏன் தந்தார்' என்ற வகைக்கு இதுதான் நேரடிப் பயிற்சி.

தமிழ்வழியில் பள்ளி முடித்தவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. மனதுக்குள் வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்த்துப் படித்தால் மூன்று நிமிடம் ஆறாகும். அதை நிறுத்து என்று சொன்னால் நிற்காது. வாக்கியத்துக்கு வாக்கியம் பெயர்ப்பதை விட்டு, பத்திக்கு ஒரு வரி தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் பாசேஜின் சொற்களையே திருப்பி எழுதிவிட்டுப் புரிந்ததாக நினைத்துக்கொள்ளலாம். தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது, புரிந்தால்தான் எழுத வரும். ஏரி மாதிரிக்கு அந்த வரி இப்படி இருக்கலாம்: 'வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்லாதே, பழைய முறையிலும் கட்டாய உழைப்பு இருந்தது.' இதைக் கையில் வைத்துக்கொண்டு ஆப்ஷன்களுக்குப் போனால் முதலாவதும் நான்காவதும் உடனே விழும். முதல் மாதம் தாளில் எழுதுங்கள், இரண்டாவது மாதம் மனதில் சொல்லுங்கள். அக்டோபருக்குள் அது தானாக ஓடத் தொடங்கிவிடும்.

பணம் எங்கே போடலாம் என்று கேட்டால்: ஆர்சிக்கென்று தனியாக விற்கும் கோர்ஸுக்கு வேண்டாம், வொக்கேபுலரி ஆப்புக்கு வேண்டாம். ஒரு மாக் தொடர், சிறியதாக. மடிக்கணினி இல்லாதவர்கள் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் பெரிய திரை கிடைக்கும் இடத்துக்கு வழி செய்துகொள்ளுங்கள், கல்லூரி லேப் ஆனாலும் சரி, பிரௌசிங் சென்டர் ஆனாலும் சரி. அலைபேசித் திரையில் போட்ட ஆர்சி எண்ணிக்கையில் சேராது.